இருப்புச்சட்டியில் ஒரு முட்டைச் சமையல்

வேற்று மாநிலத்திற்குப் பிழைக்கச் செல்லும் குடும்பம் மூட்டை கட்டும் வேளையில், எதனை எடுத்துச் செல்வது, எதனை விட்டுச் செல்வது என்னும் வழக்கு வீட்டில் எழுவது இயல்பு. பட்டுப் புடவையும் பத்திரங்களும் பெட்டியில் ஏறிவிடும். அம்மியும் ஆட்டுக்கல்லும் ஊரிலேயே தங்கிவிடும். எடுத்துச் செல்லக் கனம் தடுக்க, விட்டுச் செல்ல மனம் தடுக்க, இவ்விரண்டிற்கும் நடுவே நாம் தயங்கி நிற்கும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் வார்ப்பிரும்பினால் ஆன சமையற் சட்டி.

இச்சட்டியைத் தமிழ் மக்கள் எத்தனை பெயரிட்டு அழைக்கின்றனர் என்பதை அறிய விரும்புவோர், மும்பை மாநகரில் தமிழர் வாழும் பகுதிகளை ஒருமுறை சுற்றி வந்தால் போதும். தாராவியில் திருநெல்வேலிச் சீமைக்காரர் வீட்டில் இது 'சீனிச்சட்டி'. மாட்டுங்காவின் பழைய குடும்பங்களில் இது 'இலுப்பச்சட்டி'. செம்பூரில் குடியேறிய கோவைக்காரர் இதனை 'வடைச்சட்டி' என்பர். தஞ்சைக்காரர் 'வாணலி' என்பர். இலுப்பச்சட்டி என்னும் பெயருக்கும் இலுப்பை மரத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இரும்பினால் ஆன சட்டி 'இருப்புச்சட்டி'. அந்த நல்ல தமிழ்ச் சொல்லே வாய்வழக்கில் இவ்வாறு திரிந்தது. இக்கட்டுரையில் நாமும் இருப்புச்சட்டி என்றே கூறுவோம்.

நகர வாழ்க்கையில் இச்சட்டிக்கு மதிப்புக் குறைந்து வருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. அதன்மீது மூன்று குற்றங்கள் சாட்டப்படுகின்றன. துருப்பிடிக்கிறது என்பது ஒன்று. உணவு ஒட்டிக்கொள்கிறது என்பது மற்றொன்று. உணவு கறுத்துப்போகிறது என்பது மூன்றாவது. இம்மூன்றும் சட்டியின் குற்றங்கள் அல்ல. அதனைப் பழக்காமல் விட்ட நமது குற்றங்களே. இதனை விளக்குவதும், பழகிய சட்டி ஒன்றில் ஒரு குடும்பம் வயிறார உண்ணத்தக்க முட்டை உணவைச் சமைக்கும் முறையைக் கூறுவதும் நமது நோக்கம்.

நம் வீட்டில் நடந்தது

நம் வீட்டு நிகழ்ச்சியையே முதலில் கூறிவிடுவோம். தாராவியில் 90 அடிச் சாலைக்கு அருகே, சமையலும் படுக்கையும் ஒன்றாக அமைந்த ஓர் அறையில் நாம் குடியிருந்த காலம் அது. நம் அன்னையார் திருநெல்வேலியிலிருந்து வந்தபோது, சாக்கில் சுற்றி, ரயிலில் இருக்கைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்த இருப்புச்சட்டி ஒன்று வீட்டில் இருந்தது. அவர் மறைந்த ஆண்டு, காரியங்களுக்காக ஊருக்குச் சென்ற நாம் ஆனி மாதம் முழுவதும் அங்கேயே தங்க நேர்ந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது மும்பையின் மழை தன் வேலையை முடித்திருந்தது. சுவரில் ஈரம், பாயில் பூசணம், சட்டியின் உட்புறம் முழுவதும் செங்கல் நிறத்தில் துரு.

இனி இது உதவாது என்று துணிந்து, பழைய இரும்பு வாங்குவோரிடம் கொடுத்துவிட எண்ணினோம். கழித்த பொருள்களைப் பிரித்து மீண்டும் பயனுக்குக் கொணரும் தொழிலுக்குத் தாராவி பெயர்பெற்ற இடம். ஆதலின் வாங்குவோருக்குப் பஞ்சமில்லை. சட்டியும் கையுமாக நாம் படியிறங்குகையில் கீழ்வீட்டு ஆச்சி வழிமறித்தார்.

"எங்கய்யா கொண்டு போறே?"

"துருப்பிடிச்சுப் போச்சு ஆச்சி. பழைய இரும்புக்குப் போடப்போறோம்."

"இரும்பு எங்கயாவது சாகுமா? பட்டினி கெடக்கு. எண்ணெயைக் காட்டு, எந்திரிச்சிரும்."

ஆச்சி சொன்னபடியே செய்தோம். நான்காம் நாள் அதே சட்டியில் முட்டை வெந்தது. எடைக்குப் போட்டிருந்தால் நமக்குக் கிடைத்திருக்கக்கூடிய காசு, அன்னையார் கைபட்ட அச்சட்டிக்கு எவ்வகையிலும் ஈடாகாது. இன்றும் அது நம் அடுப்படியில் இருக்கின்றது.

இரும்பின் இயல்பு

ஆச்சி கூறிய 'பட்டினி' என்னும் சொல் பொருளற்றதன்று. இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் சேருமிடத்தில் துரு உண்டாகின்றது. அலுமினியத்தின்மேல் படரும் படலம் அடியிலுள்ள உலோகத்தைக் காக்கும். இரும்பின் துருவோ பொருபொருவென உதிரும் தன்மையது. ஆகவே அது அடியிலுள்ள இரும்பைக் காப்பதில்லை. உப்புக் கலந்த கடற்காற்றும், ஜூன் முதல் செப்டம்பர் வரை நீடிக்கும் மழைக்கால ஈரமும் மும்பையில் இவ்வினையை விரைவுபடுத்துகின்றன. இரும்புக்கும் ஈரத்திற்கும் இடையே எண்ணெய்ப் படலம் ஒன்று காவல் நிற்குமாயின் துருவுக்கு இடமில்லை. எண்ணெய் காணாத இரும்பைப் பட்டினி கிடக்கும் இரும்பு என்று கூறுவது பொருத்தந்தானே!

நமது முன்னோர் இரும்பை அறியாதவர் அல்லர். பொருநைக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899-ஆம் ஆண்டு தொடங்கி அலெக்சாந்தர் ரீ நடத்திய அகழாய்வுகளில் இரும்புக் கருவிகள் பல கிடைத்தன. அவை உலைக்களத்தில் காய்ச்சி அடித்துச் செய்தவை. ஊர்க் கொல்லர் அடித்துத் தரும் மெல்லிய சட்டியும் அவ்வழியில் வந்ததே. வார்ப்பிரும்பு வேறு வகையானது. அதில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கரி கலந்திருக்கும். தூய இரும்பு உருகுவதற்கு 1,538 டிகிரி சென்டிகிரேடு சூடு வேண்டும். கரி மிகுந்த வார்ப்பிரும்போ ஏறத்தாழ 1,200 டிகிரியிலேயே உருகி, மணல் அச்சில் நீர்போல் ஓடிப் படியும். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பவர் மணல் அச்சில் இருப்புப் பானைகள் வார்க்கும் முறைக்கு 1707-ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். அதன் பின்னர் இத்தகைய கலங்கள் அந்நாட்டின் எளியோர் வீடுகளுக்கும் எட்டின. நம் நாட்டில் கோயம்புத்தூர் போன்ற ஊர்களில், பவுண்டரி என்று வழங்கும் வார்ப்படச் சாலைகள் மிகுதியாக உள்ளன. நமது பணியாரக்கல்லிலும் கனத்த தோசைக்கல்லிலும் பல இவ்வாறு வார்த்தெடுத்தவையே.

கரி மிகுதியால் வார்ப்பிரும்பு கடினமாகின்றது. அதே காரணத்தால் நொறுங்கும் தன்மையையும் அடைகின்றது. கீழே விழுந்தால் அலுமினியச் சட்டி நசுங்கும். இது விரிசல் காணும். காய்ந்திருக்கும் சட்டியில் குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் ஆகாது.

சூட்டைக் கையாளுவதில் இதன் இயல்பை உணர்தல் இன்றியமையாதது. வார்ப்பிரும்பில் வெப்பம் மெல்லப் பரவும். அலுமினியத்தில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இதில் உண்டு. ஆதலின் பெருந்தீயில் வைத்தால் நடுப்பகுதி கொதிக்கும். ஓரம் குளிர்ந்தே இருக்கும். சிறுதீயில் ஐந்து நிமிடம் வைத்து, இடையிடையே சட்டியைத் திருப்பிக் கொடுத்தால் சூடு எங்கும் சமமாகும். கனம் மிகுதியாதலின், ஒருமுறை ஏறிய சூடு எளிதில் இறங்காது. குளிர்ந்த முட்டையை ஊற்றினாலும் சட்டி சோர்ந்துபோவதில்லை. அடுப்பை அணைத்த பின்னரும் அதன் வெப்பத்தில் உணவு வெந்துகொண்டே இருக்கும்.

இனி மற்ற இரண்டு குற்றங்களைக் காண்போம். முட்டையிலுள்ள புரதம் வெறும் உலோகத்தின்மேல் நேரே பட்டு வேகும்போது அதனைப் பற்றிக்கொள்ளும். இதுவே ஒட்டுதலுக்குக் காரணம். முட்டையில் கந்தகச் சத்தும் உண்டு. அது வெறும் இரும்போடு கூடும்போது, சாம்பலும் பசுமையும் கலந்த நிறம் தோன்றுகின்றது. நெடுநேரம் அவித்த முட்டையில் மஞ்சள் கருவைச் சுற்றிக் காணும் பச்சை வளையமும் கந்தகமும் இரும்பும் கூடிய வினைதான். அதனால் தீங்கில்லை, எனினும் கண்ணுக்கு இனியதன்று. சட்டியில் எண்ணெய்ப் படலம் நன்கு படிந்திருப்பின் இவ்விரண்டும் நேரா.

சட்டியைப் பழக்கும் முறை

ஆங்கிலேயர் இதற்கு வேறு சொல் வைத்திருக்கின்றனர். நமது தாய்மார்களோ கல்லைப் 'பழக்குதல்' என்பர். மாட்டையும் குதிரையையும் பழக்குவதுபோல இரும்பையும் பழக்க வேண்டும் என்பது அவர்களது அனுபவம்.

துருப்பிடித்த சட்டியாயின், முதலில் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். மணிபோல் ஒலித்தால் சட்டி நலமாக உள்ளது. மந்தமாக ஒலித்தால் எங்கேனும் விரிசல் இருத்தல் கூடும். அத்தகைய சட்டியை மட்டுமே பழைய இரும்புக்குக் கொடுத்தல் தகும். நலமான சட்டியில் புளிக்கரைசலைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தல் வேண்டும். புளியிலுள்ள அமிலம் துருவைக் கரைக்கும். துரு நீங்கியதும் நன்கு கழுவி, உடனே துடைத்து, அடுப்பில் வைத்து ஈரம் முற்றும் போக உலர்த்துதல் அவசியம். ஓர் இரவு ஈரத்தோடு விட்டால் மறுநாள் காலையில் துரு திரும்பி வந்துவிடும்.

புதுச் சட்டியாயின், கடையில் துருப்பிடியாமலிருக்கப் பூசிய எண்ணெயும் மெழுகும் அதில் இருக்கக்கூடும். வெந்நீரும் சோப்பும் இட்டு அதனை முதலில் நீக்கவேண்டும். பின்னர், சோறு வடித்த கஞ்சியை ஊற்றி ஒரு நாள் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுவது நம்மவர் வழக்கம். வார்ப்பின்போது படிந்த நுண்துகள்கள் தேய்ப்பில் அகலும்.

அடுத்துச் செய்யவேண்டியதே முதன்மையானது. சூடேறிய சட்டியில் சில துளி நல்லெண்ணெய் விட்டு, உள்ளும் புறமும் கைப்பிடியிலும் துணியால் தடவுக. பின்பு வேறொரு உலர்ந்த துணியால், தடவியதே தெரியாதபடி துடைத்துவிடுக. மிக மெல்லிய படலம் மட்டுமே எஞ்சவேண்டும். சன்னலைத் திறந்துவைத்து, புகை எழும்வரை சட்டியைக் காய்ச்சி, அணைத்து, ஆறவிடுக. இவ்வாறு நாளொன்றுக்கு இரண்டு முறையாக மூன்று நாள் செய்தால் சட்டி கருமை கொண்டு மினுமினுக்கும். இறுதியில் ஒரு கைப்பிடி வெங்காயத்தை எண்ணெயில் நன்கு வதக்கி எறிந்துவிட்டால், புதுச் சட்டியின் இரும்பு வாடையும் அகலும்.

இதனுள் நிகழும் வினை யாது? சூடும் பிராணவாயுவும் படும்போது, எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலைபோல் பின்னிக்கொள்கின்றன. திரவமாக இருந்த எண்ணெய், இரும்பைப் பற்றிய கெட்டியான படலமாக மாறிவிடுகின்றது. ஓவியர் பயன்படுத்தும் ஆளிவிதை எண்ணெய் உலர்ந்து வண்ணத்தைப் பிடித்துக்கொள்வதும் இதே முறையில்தான். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவை இதற்கு ஏற்றவை. தேங்காயெண்ணெயும் நெய்யும் இவ்வாறு எளிதில் பின்னிக்கொள்ளும் இனத்தவை அல்ல. எண்ணெயைத் தாராளமாகப் பூசினால் சட்டி விரைவில் பழகும் என்று கருதுவது பிழை. தடித்த எண்ணெய் முழுவதும் கெட்டியாகாமல் பிசுபிசுத்து, நாளடைவில் சிக்கு வாடை வீசும்.

மும்பையின் முட்டை உணவுகள்

மும்பை நகரம் முட்டையை அன்புடன் வரவேற்கும் நகரம். மாலை மயங்கியதும் தெருவோரத் தள்ளுவண்டிகளில் வெங்காயமும் தக்காளியும் மிளகாயும் கூட்டிக் கொத்தும் 'புர்ஜி'யின் மணம் எழும். அதற்குத் துணையாகத் தரும் 'பாவ்' ரொட்டியின் பெயர் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. இரானி உணவு விடுதிகளிலும் பார்சி இல்லங்களிலும் 'அகூரி' என்னும் முட்டைக் கிளறல் பெயர்பெற்றது.

பார்சி மக்களின் சமையலில் நமக்கு மிகவும் ஏற்ற வகை ஒன்று உண்டு. உருளைக்கிழங்கையோ தக்காளியையோ வெண்டைக்காயையோ சட்டியில் வதக்கி, அதன்மேல் முட்டைகளை முழுதாக உடைத்து ஊற்றி, மூடி வேகவைப்பர். குஜராத்தி மொழியில் 'ஈடு' என்றால் முட்டை. உருளைக்கிழங்கின்மேல் முட்டை என்பதை அவர்கள் 'பப்பேட்டா பர் ஈடு' என்பர். ஸ்பெயின் நாட்டார் உருளைக்கிழங்கையும் முட்டையையும் ஒன்றாகக் கலந்து கனத்த அடையாகச் செய்கின்றனர். நம் ஊரிலும் முருங்கைக்கீரையோடு முட்டை சேர்த்துப் பொரியல் செய்வது பழைய வழக்கமன்றோ? ஒரு கைக் கீரையும் இரண்டு முட்டையும் கொண்டு நாலு பேர் உண்ணும்படி செய்த நமது பாட்டிமார்களின் சிக்கனமும், பார்சி இல்லத்தாரின் முறையும் ஒரு சட்டியில் சந்திப்பதே நாம் கீழே கூறும் உணவு.

சமைக்கும் முறை

நால்வர் உண்பதற்கு ஆறு முட்டை, நடுத்தரமான உருளைக்கிழங்கு நான்கு, சின்ன வெங்காயம் இருபது அல்லது பெரிய வெங்காயம் இரண்டு, பச்சை மிளகாய் மூன்று, கறிவேப்பிலை இரண்டு ஈர்க்கு, உருவிய முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி ஆகியவை வேண்டும். நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, கடுகும் சீரகமும் அரைத் தேக்கரண்டி வீதம், மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு தேவைக்கேற்ப. மாட்டுங்காச் சந்தையிலும் தாராவியிலும் செம்பூரிலும் உள்ள தமிழர் கடைகளில் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் முருங்கையும் கிடைக்கும். வேறு ஊர்களில் வாழும் நேயர்கள் முருங்கைக்கு மாற்றாக வெந்தயக்கீரையைச் சேர்க்கலாம். சட்டி பத்து அங்குல அகலமும் தட்டையான அடியும் உடையதாக இருப்பின் நலம். ஏற்ற மூடியோ தட்டோ ஒன்றும் வேண்டும்.

சட்டியைச் சிறுதீயில் ஐந்து நிமிடம் காயவைத்து எண்ணெய் விடுக. கடுகு வெடித்ததும் சீரகம், கீறிய மிளகாய், கறிவேப்பிலை, நறுக்கிய வெங்காயம் ஆகியவற்றை இட்டு, வெங்காயம் கண்ணாடிபோல் ஆகும்வரை வதக்குக. உருளைக்கிழங்கைத் தோல் சீவி, நாணயத்தின் கனத்திற்கு மெல்லிய வட்டங்களாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் சேர்த்துச் சட்டியில் பரப்புக. சிறிது நீர் தெளித்து மூடிவிட்டால், பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடத்தில் கிழங்கு வெந்துவிடும். இடையில் இரண்டு முறை மட்டும் புரட்டினால் போதும். ஓயாது கிளறினால் அடியில் பொன்னிறம் ஏறாது. இவ்வுணவின் சுவையோ அப்பொன்னிறத்தில்தான் இருக்கின்றது.

கிழங்கு வெந்ததும் கீரையைத் தூவி இரண்டு நிமிடம் வதக்குக. பின்னர்க் கரண்டியின் முதுகினால் ஆறு குழிகள் செய்க. முட்டைகளை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பின்னரே குழியில் ஊற்றுதல் வேண்டும். மும்பையின் வெப்பத்தில் கெட்ட முட்டை ஒன்று வந்துசேர்தல் அரிதன்று. நேரே உடைத்து ஊற்றினால் அந்த ஒன்று சட்டி முழுவதையும் கெடுத்துவிடும். மேலே மிளகும் உப்பும் தூவி, மூடி, மிகச் சிறிய தீயில் ஐந்து நிமிடம் வைக்கவும். பிறகு அடுப்பை அணைத்து, மூடியைத் திறவாமல் மூன்று நிமிடம் விட்டுவிடுக.

அணைத்த பின்னும் காத்திருப்பது ஏன் என்று கேட்கலாம். முட்டையின் வெள்ளைக் கரு ஏறத்தாழ 62 டிகிரி சென்டிகிரேடில் இறுகத் தொடங்கும். மஞ்சள் கரு 65 முதல் 70 டிகிரிக்குள் இறுகும். இதற்குமேல் மிகுதியாகக் காய்ச்சினால் வெள்ளைக் கரு ரப்பர்போல் ஆகிவிடும். தோசைக்கு ஏற்ற சூடு முட்டைக்கு மிகுதி. இருப்புச்சட்டி தேக்கிவைத்துள்ள சூட்டில் அடிப்பக்கமும், மூடிக்குள் நிற்கும் ஆவியில் மேற்பக்கமும் பதமாக வெந்துவிடும். எனினும் குழந்தைகள், கருவுற்ற தாய்மார்கள், முதியோர், நோயுற்றோர் ஆகியோருக்கு மஞ்சள் கருவும் நன்கு இறுகும்வரை, மேலும் இரண்டு மூன்று நிமிடம் தீயில் வைத்தே பரிமாறவேண்டும். அரைவேக்காட்டு முட்டையினால் குடல் நோய்கள் வரக்கூடும்.

வெந்ததைச் சட்டியிலேயே நான்கு பங்காக வெட்டி எடுக்கலாம். ரசச் சோற்றுக்கு இது நல்ல துணை. சப்பாத்திக்கும் பாவ் ரொட்டிக்கும் ஏற்றது. இரவுப் பணிக்குச் செல்வோர் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துச் செல்லவும் தகும். ஒரே அடுப்பும் ஒரே எரிவாயு உருளையும் உள்ள அறையில், ஒரு சட்டியில் ஒரு வேளைக் கறி முடிந்துவிடுவது சிறிய நன்மையன்று.

முட்டை உண்ணாத நேயர்கள், கடலைமாவைத் தோசைமாவுப் பதத்தில் கரைத்து, அதே கிழங்கின்மேல் பரவலாக ஊற்றி, மூடி, மாவின் பச்சை வாசனை நீங்கும்வரை வேகவைத்துக்கொள்ளலாம். முட்டை சமைத்த சட்டியை அண்டை வீட்டாருக்கு இரவல் தரும்போது, அவர்கள் மரக்கறி உண்போராயின் முன்னரே சொல்லிவிடுவது பண்பு. பல குடும்பங்கள் ஒரு சுவரைப் பங்கிட்டு வாழும் நகரில் நட்பு நிலைப்பது இத்தகைய சிறு செயல்களால்தான்.

சமைத்த பின்

உணவை எடுத்ததும், சட்டி வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெந்நீர் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஒரு நிமிடம் உலர்த்தி, ஒரு துளி எண்ணெய் தடவி வைத்தல் வேண்டும். இரும்புச் சட்டிக்குச் சோப்பு ஆகாது என்று பெரியோர் கூறுவர். காரம் மிகுந்த சோப்பும் சவர்க்காரமும் வழங்கிய காலத்தில் அது சரியான எச்சரிக்கை. இக்காலத்துப் பாத்திரச் சோப்பைச் சிறிதளவு பயன்படுத்துவதால் நன்கு இறுகிய படலம் போய்விடாது. நீரில் நெடுநேரம் ஊறப்போடுவதே பெருங்கேடு. புளிக்குழம்பும் தக்காளித் தொக்கும் புதிதாகப் பழக்கிய சட்டியில் வைக்கலாகாது. துருவைக் கரைத்த அதே அமிலம் படலத்தையும் அரித்துவிடும். சமைத்த உணவை இரவு முழுவதும் சட்டியிலேயே வைத்திருப்பதும் தவறு.

கோடை விடுமுறைக்கோ பொங்கலுக்கோ ஊருக்குச் செல்லுமுன், மெல்லிய எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி, மூடியிடாமல் உயரமான பலகையில் வைத்துச் செல்க. நமக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரவேண்டா. மின்காந்த இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்போரும், அடி தட்டையாக இருப்பின் இச்சட்டியைத் தயங்காமல் பயன்படுத்தலாம். வார்ப்பிரும்பைக் காந்தம் பற்றுமாதலின் அவ்வடுப்பில் அது நன்கு சூடாகும். சூட்டை மட்டும் மெல்ல ஏற்றவேண்டும்.

உடல்நலம் பற்றி ஒரு சொல்

ஐம்பது கிராம் எடையுள்ள முட்டை ஒன்றில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் உண்டு. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டில் விரிவாகத் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989 முதல் முட்டை இடம்பெற்றது. 2010 முதல் வாரத்திற்கு ஐந்து நாள் முட்டை வழங்கப்பட்டது. ஊரில் அண்ணன் பிள்ளை பள்ளியில் பெறும் அந்த ஊட்டம், இங்கு வளரும் நம் பிள்ளைக்கு வீட்டுச் சட்டியிலிருந்து கிடைக்கட்டும்.

2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை உண்டு. இரும்புச் சட்டியில் சமைத்தால் இரத்தம் ஊறும் என்னும் நம்பிக்கை நம்மிடையே பரவலாக உள்ளது. புளிப்பும் நீரும் மிகுந்த உணவு நெடுநேரம் வேகும்போது இரும்புச் சத்து சிறிது கூடுவது உண்மையே. ஆனால் நன்கு பழகிய சட்டியில், விரைவில் வேகும் உணவில் அவ்வளவு இரும்பு கலப்பதில்லை. முட்டையிலுள்ள இரும்புச் சத்தையும் உடல் முழுவதும் ஏற்பதில்லை. ஆகவே மருத்துவர் தரும் இரும்புச் சத்து மாத்திரைக்குச் சட்டி மாற்றாகாது. இதைவிட முக்கியமான மருந்து ஒன்று நம் கையிலேயே உள்ளது. ஆறு முட்டையை ஆறு குழிகளில் ஊற்றும்போது, அவற்றுள் ஒன்று சமைக்கும் பெண்ணுக்கு உரியது என்று அப்போதே குறித்துவிடுதல் வேண்டும். எல்லோரும் உண்டபின் எஞ்சிய ஓரத்தை வழித்துண்ணும் வழக்கத்தால் வந்த சோகையை எந்தச் சட்டியாலும் தீர்க்க இயலாது.

மும்பையில் பழைய கட்டடங்கள் இடிபட்டு உயர்ந்த மாடங்கள் எழுந்து வருகின்றன. தாராவி மறுசீரமைப்பினால் வீடு மாற வேண்டிய குடும்பங்களும் உண்டு. வீடு மாறும்போது முதலில் நாம் கழிப்பது கனத்த பொருளைத்தான். பரணில் கிடக்கும் இருப்புச்சட்டியை எடைக்குப் போடுமுன், அதனை ஒருமுறை தட்டிப் பாருங்கள். மணிபோல் ஒலித்தால் கொஞ்சம் புளியும், சில துளி நல்லெண்ணெயும், மூன்று நாள் பொறுமையும் அதற்குக் கொடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதில் ஆறு முட்டைகளை உடைத்து ஊற்றி, குடும்பத்தோடு அமர்ந்து உண்ணுங்கள்.